சனிக்கிழமை மூலை: ஒரு சிற்றூர் ஸ்தூபித் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பர்மாவின் பகோ வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் மடத்து வளாகத்தில் 27 அடி உயர ஸ்தூபி ஒன்று நிற்கிறது. முதல் வரைபடத்தில் அதன் உயரம் 36 அடி. இப்போது நிற்கும் இடமும் அந்தத் தாளில் குறித்த இடமன்று. அந்த முதல் வரைபடத்தை ஒரே ஒரு விடுமுறை நாளில் போட்டவன் நான். ஊர்க்காரர்கள் இதைப் பெரிய தவறாக நினைக்கவில்லை, பலர் மறந்தும் விட்டார்கள். ஆனால் சிற்றூர்களில் பயா (ஸ்தூபிக்குப் பர்மியப் பெயர்) கட்ட உதவி கேட்டு வருபவர்கள் என்னைப் போன்ற கட்டடத் தொழில்காரர்களைத்தான் முதலில் பிடிக்கிறார்கள் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஊர், ஆட்கள் பெயர்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

ரங்கூனிலிருந்து மாந்தளை போகும் ரயில் பாதைக்குக் கிழக்கே, வயலுக்கு நடுவில் இருக்கும் ஊர் அது. வெள்ளைக்காரன் காலத்தில் நெல் விவசாயத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை அங்கே இருக்கிறது. ஊரின் ஒரு முனையில் மாரியம்மன் கோயில், மறுமுனையில் பர்மிய பிக்குகள் மடம். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டில்தான் பையன்களுக்குத் தலை மழித்து, இளம் துறவியாக்கும் ஷின்பியு சடங்கும் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் கும்பிடுகிற ஊர்.

அந்த ஊரில் என் தாய்மாமன் ஒருவர் நெல் அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு விட்டுக் கொஞ்சம் காசு சேர்த்திருந்தார். இறந்துபோன தன் தாயார் நினைவாக மடத்து நிலத்தில் ஒரு பயா கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். பர்மாவில் ஒருவர் ஸ்தூபி எழுப்பினால் அதற்குப் பிறகு அவரை 'பயா தகா', அதாவது பயா கொடுத்தவர், என்று சொல்லித்தான் அழைப்பார்கள். மாமாவுக்கு அந்த ஆசையும் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

அனுமதி மனுவோடு வரைபடம் ஒன்று வைக்க வேண்டும் என்றார்கள். நான் ரங்கூனில் ஒரு கட்டட நிறுவனத்தில் தள மேற்பார்வைப் பொறியாளர். ஆறு மாடி, எட்டு மாடி வீடுகள் கட்டிப் பழக்கம், ஸ்தூபி ஒன்றுகூடக் கட்டியதில்லை. எங்கள் தளத்தில் வேலை நிற்பது பௌர்ணமிக்குத்தான். 2022 மார்ச்சில் தபௌங் பௌர்ணமி விடுமுறைக்கு வருகிறேன், அன்றைக்கே முடித்துவிடலாம் என்று மாமாவிடம் சொன்னேன். "அன்றைக்கே முடித்துவிடலாம்" என்று நான் சொன்னதை அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

தபௌங் பௌர்ணமி

காலை எட்டு மணிக்கு மடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மடத்தின் தலைமை பிக்குவான சயாடோ, மாமா, பர்மியக் கொத்தனார் ஒருவர், இரண்டு இளைஞர்கள், எண்பது தாண்டிய ஓர் ஆயா ஆகியோர் காத்திருந்தார்கள். ஆயா என் பாட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மடத்துக்குச் சோறு கொண்டுவந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தபௌங் மாதத்தில் மணலில் ஸ்தூபி கட்டுவது இங்கே பழைய வழக்கம். மடத்து முற்றத்தில் பிள்ளைகள் ஈர மணலைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நான் மடிக்கணினியைத் திறப்பதற்குள் கொத்தனார் அந்த மணலருகே போய்க் குந்திவிட்டார். கையிலிருந்த மூங்கில் பட்டையால் மணலைச் செதுக்கி, கீழே மூன்று அடுக்கு மேடை, அதற்கு மேல் மணி, மணிக்கு மேல் கவிழ்த்த பிச்சைப் பாத்திரம், வளைய வரிகள், கவிழ்ந்தும் மலர்ந்தும் இருக்கிற தாமரை இதழ்கள், வாழைப்பூ என்று வரிசையாகக் கொண்டுவந்தார். உச்சியில் ஒரு குச்சியைச் செருகி "குடை" என்றார். நிஜத்தில் அந்தக் குடை இரும்பு வளையங்களாலானது. அதற்கு மேல் காற்றில் திரும்பும் கொடித்தகடும் வைர மொட்டும் வரும். உயரத்தை ஒன்பது பங்காகப் பிரித்து மேடைக்கு மூன்று, மணிக்கும் பாத்திரத்துக்கும் மூன்று, மேலே உள்ளதற்கெல்லாம் மூன்று என்பது அவருடைய கணக்கு. பதினோரு பயா கட்டியவர். தாளில் ஒரு கோடு கிழிக்கத் தெரியாது என்றார்.

அந்த மணல் உருவத்தை அளந்துதான் என் படத்தின் வெளிக்கோட்டைப் போட்டேன். அன்றைக்கு நான் செய்த நல்ல வேலை அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

உயரத்துக்கு மாமா 45 அடி கேட்டார். 9, 18, 27, 36, 45 என்று ஒன்பதின் மடங்கில்தான் கேட்பார்கள். புத்தருக்கு ஒன்பது குணங்கள் என்பது காரணம். நான் எடைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உள்ளே கூடில்லாமல் திட்டாகக் கட்டும் செங்கல் கட்டுமானம் கனஅடிக்குச் சுமார் 120 பவுண்டு. ஸ்தூபி மேலே குறுகிப் போவதால், அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் வருவதில் பத்தில் மூன்று பங்குதான் கன அளவு என்று வைத்துக்கொண்டேன். 36 அடி அகல எண்கோண அடியில் 45 அடி எழுப்பினால் எடை கிட்டத்தட்ட 775 டன். 30 அடி அகலத்தில் 36 அடி என்றால் 430 டன். வயல் களிமண்ணில் சதுர அடிக்கு அரை டன்னுக்கு மேல் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. 45க்குக் கீழே 38 அடிச் சதுரத்தில், பாய் விரித்த மாதிரி ஒரே தளமாகப் போடும் பாய் அஸ்திவாரம் போட்டாலும் அரை டன்னைத் தாண்டியது. 36க்கு 34 அடிச் சதுரம் போட்டால் 0.37 டன்னில் நின்றது. மாமா முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரி மாப்ளே, முப்பத்தாறு," என்றார்.

உள்ளே கூடாக விட்டு எடையைக் குறைக்கலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ரங்கூனில் பொட்டாட்டாங் பயா 1943இல் குண்டு விழுந்து இடிந்த பிறகு உள்ளே நடந்து போகும்படி கூடாகத்தான் திரும்பக் கட்டப்பட்டது. 1952இல் எழுந்த கபா ஏ பயாவும் அப்படியே. ஆனால் இந்த அளவுக்குக் கூடு என்றால் உள்ளே ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவுதான். கான்கிரீட் ஓடு போட வேலை தெரிந்தவர்களும் வேண்டும். கொத்தனார் தலையை ஆட்டிவிட்டார். திட்டாகவே கட்டி, நடுவில் புனிதப் பொருள்கள் வைக்கும் தாதுக் குழி மட்டும் விடுவது என்று முடிவாயிற்று.

தமிழன் கட்டினால் ஏதாவது சொல்வார்களோ என்று மாமாவுக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது. சயாடோ அதற்கு நாகப்பட்டினத்தை இழுத்தார். பகோவில் தம்மசேதி மன்னர் 1476 முதல் நிறுத்திய கல்யாணி கல்வெட்டுகள் பாலியிலும் மோன் மொழியிலும் உள்ளன. கப்பல் உடைந்து கரையேறிய பர்மிய பிக்குகள் நாகப்பட்டினம் வரை நடந்துபோய் அங்கே ஒரு பழைய விகாரை இருந்த இடத்தைப் பார்த்ததை அவை சொல்கின்றன. "உங்கள் ஊரில் எங்களுக்கு இடம் இருந்திருக்கிறது, தகா," என்றார். மாமா அதை இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

கிழமை மூலைகள்

பர்மிய ஸ்தூபியைச் சுற்றி எட்டுத் திசையில் எட்டுக் கிழமைத் தூண்கள் வரும். புதன்கிழமையைக் காலை, மாலை என இரண்டாகப் பிரித்துக்கொள்வதால் ஏழு நாள் எட்டாகிறது. அவரவர் பிறந்த கிழமை மூலையில் நின்று அங்கே உள்ள புத்தர் உருவத்துக்கு வயசுக்கு ஒன்று கூட்டி அத்தனை குவளை தண்ணீர் ஊற்றுவார்கள்.

நான் அந்தத் தூண்களை வரையும்போது கை தன்னால் நவக்கிரகச் சன்னதிக்குப் போய்விட்டது. மேற்கே சனி, தென்மேற்கே ராகு, தென்கிழக்கே சந்திரன், வடக்கே குரு. சின்ன வயதிலிருந்து சுற்றிச் சுற்றி வந்த வரிசை. தாளை எட்டிப் பார்த்த சயாடோ சிரித்துவிட்டார். பர்மிய முறையில் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு விலங்கும் உண்டு. திங்கள் கிழக்கு, புலி. செவ்வாய் தென்கிழக்கு, சிங்கம். புதன் காலை தெற்கு, தந்தமுள்ள யானை. சனி தென்மேற்கு, நாகம். வியாழன் மேற்கு, எலி. புதன் மாலை, அதாவது ராகு, வடமேற்கு, தந்தமில்லாத யானை. வெள்ளி வடக்கு, கினிப்பன்றி. ஞாயிறு வடகிழக்கு, கருடன். நான் போட்டதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எட்டையும் அழித்துத் திரும்பப் போட்டேன்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. சனிக்கிழமை மூலை மேற்கிலிருந்து தென்மேற்குக்கு மாறியது. மாறிய உடனே ஆயா வாயைத் திறந்தார்.

ஆயா சொன்னது

ஆயா பிறந்தது சனிக்கிழமை. தன் மூலை எது என்று கேட்டார். வளாகத்தின் தென்மேற்குப் பக்கம், விறகு அடுக்கியிருந்த இடத்தைக் கையால் காட்டினேன்.

"அங்கேயா? அங்கே தண்ணி ஊத்தினா உள்ள போயிடும் பேராண்டி. எருமை படுத்த இடம்."

நான் குறிப்பேட்டில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீல மையில், அடிக்கோடு போட்டு, "எட்டு மூலையிலும் வடிகால்" என்று எழுதியிருக்கிறேன். அவர் சொன்ன முதல் பாதி எனக்குப் புரிந்தது. கருவறையிலிருந்து அபிஷேக நீர் வெளியே வர கோமுகி வைக்காத கோயில் உண்டா? நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றுகிற எட்டுத் தூண்களுக்கு நான் ஒரு வாய்க்கால்கூடப் போடவில்லையே என்று வெட்கப்பட்டு, மேடையைச் சுற்றி நாலு அங்குல வாய்க்காலும் வடகிழக்கில் ஒரு போக்கும் உடனே வரைந்தேன். ஆயாவுக்கு நன்றியும் சொன்னேன். எருமை என்ற சொல்லைக் குறிப்பேட்டில் தேடினால் கிடைக்காது.

தமிழில் சொன்னதால் சயாடோவுக்கும் கொத்தனாருக்கும் அது போகவில்லை. மாமாவுக்குக் கேட்டிருக்கும். ஆயா எப்போதும் பழங்கதை பேசுவார் என்பது அவர் எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மாலைக்குள் எடுத்த முடிவுகள்

மத்தியானம் இரண்டு சோதனைக் குழிகள் வெட்டினோம். ஒன்று நடுவில், ஒன்று வடகிழக்கில். ஐந்தடி ஆழம். ஒன்றரை அடி மேல்மண்ணுக்குக் கீழே மஞ்சளோடிய கெட்டிக் களி. கட்டை விரலை அழுத்தினால் பதிந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. தண்ணீர் ஊறவில்லை. மார்ச் மாதத்தில் ஏன் ஊறும்? தென்மேற்கில் வெட்டவில்லை. விறகை அப்புறப்படுத்த ஒரு மணி நேரம் ஆகும், எனக்கு ஐந்து மணிக்குப் பேருந்து.

நிலநடுக்கத்தைப் பற்றிச் சற்று நேரம் பேசினோம். சகாயிங் என்ற நிலப்பிளவு பகோ பக்கமாகத்தான் போகிறது. பகோவின் ஷ்வேமோடோ பயாவின் மேல்பகுதி 1917இல் சரிந்தது. 1930 மே 5 நிலநடுக்கத்தில் பயாவே இடிந்தது. 1950களில் திரும்ப எழுப்பினார்கள், இப்போது சுமார் 374 அடி. 1917இல் விழுந்த பெரிய செங்கல் துண்டு இன்றும் அதன் அடிவாரத்தில் கிடக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மேல்பாரம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. குடையை இலேசான இரும்பில் செய்வது, அதன் குழாயை வாழைப்பூவுக்குள் ஆறு அடி இறக்கிக் கான்கிரீட்டில் பதிப்பது, மணியின் தோளில் கம்பி வளையம் ஒன்று போடுவது என்று தீர்மானித்தோம். கொத்தனார் கம்பி வளையத்துக்கு மட்டும் முனகினார்.

நாலரை மணிக்கு வரைபடம் முடிந்துவிட்டது. சயாடோ தேநீர் இலை ஊறுகாயும் வறுத்த பயறும் வைத்தார். பேருந்தில் வரும்போது ஒரு நாளில் ஒரு பயாவையே திட்டமிட்டுவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

கசோன்: முளை அடித்தது

மே மாதம் கசோன் பௌர்ணமிக்கு, போதி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில், முளை அடிக்கும் சடங்கு நடந்தது. மடத்தில் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். நான் போகவில்லை, தளத்தில் கான்கிரீட் இருந்தது. மாமா குடும்பத்தோடு நின்று முளைகளை அடித்து, நான்கு மூலையிலும் பொன் தாளும் வெள்ளித் தாளும் ஒட்டிய செங்கற்களை வைத்தார். புகைப்படத்தில் ஆயாவும் இருக்கிறார். மழைக்கு முன் தரையைச் சமன் செய்து மணல் பரப்பி, ஓரத்தில் ஒரு வரி செங்கலும் வைத்துவிடலாம் என்று கொத்தனார் வேலையைத் தொடங்கினார்.

மழைக்கு முன் முளை அடிக்கச் சொன்னது என் யோசனைதான். அப்போது சிமெண்ட் விலை ஏறிக்கொண்டிருந்தது. வேலை தொடங்கிவிட்டால் மாமா பின்வாங்க மாட்டார், காசும் வேறு பக்கம் போகாது என்று நினைத்தேன்.

ஜூன்: செங்கல் இறங்கியது

ஜூன் தொடக்கத்தில் ஐந்து நாள் விடாமல் மழை. மாமா தொலைபேசியில், "மாப்ளே, நாக மூலைச் செங்கல் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருக்கு," என்றார். மண் இறுகியிருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கொத்தனார் காத்திருக்கவில்லை. ட்யூப் லெவல், அதாவது தண்ணீர்க் குழாய் மட்டம், பிடித்துப் பார்த்திருக்கிறார். மற்ற மூன்று மூலைகளும் கால் அங்குல வித்தியாசத்துக்குள் இருக்க, தென்மேற்கு மட்டும் ஒன்றேமுக்கால் அங்குலம் கீழே. இன்னும் அதன் மேல் ஒரு டன் பாரம்கூட ஏறவில்லை.

அடுத்த பௌர்ணமி வரை பொறுக்காமல் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அந்த மூலையில் வெட்டினோம். மேலே இரண்டடி நல்ல மண், கொண்டுவந்து கொட்டியது. அதற்குக் கீழே கறுப்புச் சேறு. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது, உதறினாலும் விழவில்லை. மக்கிய வைக்கோலும் உமியும் அதில் கிடந்தன. நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஏழடி போயும் கெட்டி தரை வரவில்லை, அதற்குள் குழியில் தண்ணீர் ஏறிவிட்டது.

ஆயா குடை பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "குட்டையை மூடினது உங்க பாட்டன்தான். மடத்துக்கு இடம் கேட்டாங்கன்னு ரெண்டு கோடை மண் அடிச்சாங்க," என்றார். சொல்லிக்காட்டும் தொனி இல்லை. மார்ச் மாதமே தான் சொன்னதாகவே அவர் நினைக்கவில்லை போலும். எனக்குத்தான் அந்த நீல மை ஞாபகம் வந்தது.

கயிறு கட்டிப் பார்த்ததில் குட்டையின் கரை என் அஸ்திவாரச் சதுரத்துக்குள் மூலையிலிருந்து சுமார் ஆறடி வந்திருந்தது. 430 டன்னில் ஒரு மூலை சேற்றிலும் மற்ற மூன்று கெட்டிக் களியிலும் நின்றிருக்கும். மொத்தமாக இறங்கினால் ஸ்தூபிக்குப் பெரிய கேடு இல்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் சாயும், அதற்குப் பிறகு நிமிர்த்த முடியாது.

மாற்று வழிகளும் தேர்ந்ததும்

மூன்று வழிகள் பேசினோம். சேற்றை முழுதும் எடுத்துவிட்டு மணலும் கல்லும் போட்டு இறுக்குவது முதல் வழி. மழைக்காலத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டே ஏழடிக்கு மேல் வெட்ட வேண்டும், பக்கத்தில் மடத்துக் கட்டடத்தின் மரத்தூண்கள் நிற்கின்றன. கைவிட்டோம். மரக் கழிகளை நெருக்கமாக அடித்து அதன் மேல் அஸ்திவாரம் போடுவது இரண்டாவது. கொத்தனாருக்கு இது பழக்கம், அவர் இதைத்தான் விரும்பினார். தண்ணீர் மட்டம் கோடையில் இறங்கி மழையில் ஏறுகிற இடத்தில் கழி நனைந்தும் காய்ந்தும் மக்கிவிடும் என்பது என் பயம். ஒரு மூலைக்கு மட்டும் கழி, மற்றதற்குக் களி என்றால் பழைய பிரச்சினை வேறு உருவத்தில் வரும்.

மூன்றாவது, இடத்தையே மாற்றுவது. பொறியியல்படி இதுதான் எளிது. ஆனால் முளை அடித்தாயிற்று, பொன் செங்கல் வைத்தாயிற்று. மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் திண்ணையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது சயாடோவே அதை எடுத்தார். முளையைப் பிடுங்கினால் பாவமில்லை, திரும்ப அடிக்க ஒரு நாள் போதும், சாய்ந்த பயாவை யாரும் பிடுங்கி நட முடியாது என்றார். மாமா வாயே திறக்கவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. மறுநாள் காலை, "அம்மா பேரில் கட்டுறது. கோணலா நிக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னார்.

வடகிழக்கே நகர்த்தவும் ஓர் எல்லை இருந்தது. அங்கே பிக்குகளுக்குத் துறவு அளிக்கும் சீமை மண்டபம். அதன் எல்லைக் கற்களைத் தொடக்கூடாது என்பதில் சயாடோ உறுதியாக இருந்தார். கல்யாணி கல்வெட்டுகளே சீமை எல்லையைப் பற்றித்தான் அவ்வளவு பேசுகின்றன, அவர் விட்டுக்கொடுப்பாரா? மூலைவிட்டமாக 12 அடிதான் நகர்த்த முடிந்தது. 36 அடி ஸ்தூபியின் அஸ்திவாரம் அப்போதும் குட்டைக் கரையை ஒட்டியே வந்தது. அதனால் 27 அடிக்கு இறங்கினோம். 24 அடி எண்கோண அடி, 27 அடிச் சதுரப் பாய் அஸ்திவாரம், எடை கிட்டத்தட்ட 205 டன், சதுர அடிக்கு 0.28. தென்மேற்கு மூலை இரு திசையிலும் பழைய இடத்திலிருந்து 12 அடி உள்ளே வந்துவிட்டது. பாரம் பாதிக்கும் கீழே போனது எனக்கு நிம்மதி. மாமாவுக்கு அது 45லிருந்து 27. அவர் பார்வையில் பயா இரண்டு முறை தேய்ந்திருக்கிறது.

இந்த முறை ஐந்து குழிகள் வெட்டினோம், நாலு மூலையும் நடுவும். எல்லாம் களி.

கட்டுமானம்

பிக்குகள் மடத்திலேயே தங்கும் வா காலம் முடிந்து, மழை விட்டு, நவம்பரில் இரண்டாம் முறை முளை அடித்தார்கள். செலவு மாமாவுக்கு. அதில் பாதியை நான் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

கட்டியது பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொத்தனார் நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, மணியின் பாதி உருவத்துக்கு வெட்டிய அச்சுப் பலகையை அதில் மாட்டிச் சுற்றினார். பலகை போகிற வழியில் பூச்சு தன்னால் மணியாக வழிந்து நின்றது. என் வரைபடத்தை அவர் எடுத்துப் பார்த்தது இரண்டு முறை. கம்பி வளையத்துக்கு ஒரு முறை, வடிகாலுக்கு ஒரு முறை. தாதுக் குழி மூடும் அன்று ஊரே சின்னச் சின்னப் பொருள்களைக் கொண்டுவந்து போட்டது. ஆயா தன் மூக்குத்தியைக் கழற்றிப் போட்டார்.

2023 தபௌங் பௌர்ணமிக்குக் குடை ஏற்றினார்கள். முதல் வரைபடத்துக்குச் சரியாக ஒரு வருடம். அடுத்த இரண்டு மழைக்கும் ட்யூப் லெவல் பிடித்துப் பார்த்தோம், நான்கு மூலைகளுக்கும் இடையே கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. வெளியே சுற்று நடைபாதை மட்டும் குட்டைப் பக்கம் லேசாகப் பள்ளமாயிற்று. அங்கே சிமெண்ட் பூசாமல் செங்கலை மணலில் பதித்திருந்ததால் எடுத்துச் சமன் செய்துகொண்டார்கள்.

2025 மார்ச் 28

பகல் 12.50க்கு 7.7 அளவு நிலநடுக்கம். மாந்தளை, சகாயிங் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரிலும் நன்றாக ஆட்டியது. மாமா வயலில் இருந்திருக்கிறார், வரப்பில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வாழைப்பூ தொடங்கும் கழுத்தில் பூச்சில் மயிரிழை விரிசல் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. குடையின் கொடித்தகடு ஒரு பக்கம் வளைந்திருந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் சாய்வு இல்லை. கம்பி வளையத்துக்கு முனகிய கொத்தனார், தான் அடுத்துக் கட்டப்போகும் பயாவுக்கு அதைப் போடுவதாகச் சொன்னார்.

இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 36 அடி ஸ்தூபி பழைய இடத்தில் நின்றிருந்தால் விழுந்திருக்கும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி அடித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. அது நிலநடுக்கம் வரும் முன்னே சாய்ந்திருக்கும் என்பதுதான் என் மதிப்பீடு.

மாற்றிச் செய்யக்கூடியவை

முதல் நாளில் நான் படம் போட்டிருக்கக் கூடாது. அந்த நாளை அளப்பதற்கும் வெட்டுவதற்கும் மட்டும் வைத்திருந்தால் விறகை அப்புறப்படுத்த நேரம் இருந்திருக்கும். படத்தை ரங்கூனில் இரவு உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம், மண்ணை அப்படிப் பார்க்க முடியாது. குழி வெட்ட வசதியான இடம் எது என்று தேடியதும் தவறு. எந்த மூலையில் வெட்ட முடியாமல் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறதோ அங்கேதான் முதலில் வெட்டியிருக்க வேண்டும். விறகை அந்த இடத்தில் அடுக்கியதற்கே காரணம் இருந்தது. மழையில் அங்கே கால் புதையும், யாரும் நடப்பதில்லை என்று பிறகு ஒரு சின்ன பிக்கு சொன்னார்.

ஊரின் மூத்தவர்களைக் கூட்டிக்கொண்டு எல்லையைச் சுற்றி ஒரு நடை நடக்க வேண்டும். அவர்கள் சொல்வதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். "எருமை படுத்த இடம்" என்று எழுதியிருந்தால், மறுநாள் படிக்கும்போதாவது எனக்கு உறைத்திருக்கும். தமிழில் சொன்னதைப் பர்மிய மொழியில் கொத்தனாருக்கும் சயாடோவுக்கும் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். கொத்தனார் காதில் விழுந்திருந்தால் அவர் அன்றே மண்வெட்டியை எடுத்திருப்பார்.

முளை அடிப்பதை ஒரு மழை பார்த்த பிறகு வைத்திருக்கலாம். மாமாவின் மனதைக் கட்டிப்போடச் சடங்கைப் பயன்படுத்தியது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

கிழமைத் தூண்களின் வரிசையை மடத்தில் கேட்டுத்தான் போட வேண்டும், நவக்கிரகப் பழக்கத்தில் கை போகும். வடிகால் நன்றாக வேலை செய்கிறது. ஆயா சனிக்கிழமை தோறும் நாக மூலையில் தண்ணீர் ஊற்றுகிறார், எண்ணிக்கை எண்பதைத் தாண்டியதால் பேத்தி குவளையைப் பிடித்துக்கொள்கிறாள்.

சென்ற மாதம் இன்னோர் ஊரிலிருந்து அழைத்தார்கள், அடுத்த பௌர்ணமிக்கு வந்து ஒரு பயாவுக்குப் படம் போட்டுத் தர முடியுமா என்று. வருகிறேன், அன்றைக்குப் படம் கிடையாது, ஐந்து குழி வெட்ட ஆளும் ஊரில் மூத்தவர்கள் இரண்டு பேரும் வேண்டும் என்று சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.